இரண்டாவது கன்ட்ரோலரை எடுப்பவருக்கு: பேட்டில் சிட்டி தொடக்க வழிகாட்டி

பேட்டில் சிட்டி என்ற டாங்கி வீடியோ விளையாட்டைத் தனியாக விளையாடினால் திரையில் ஒரே நேரத்தில் நான்கு எதிரி டாங்கிகளுக்கு மேல் நிற்காது. துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டால் ஆறு வரை நிற்கும், ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் வேகமும் கூடும். போதாததற்கு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தத் துணை கைதவறி உங்கள்மீது ஒரு குண்டு விட்டால் சில நொடிகள் உங்கள் டாங்கி நகராது. உதவி செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதே என்பார்கள். பேட்டில் சிட்டியில் இரண்டாவது கன்ட்ரோலரைப் புதிதாகக் கையில் எடுக்கும் எவரும் முதல் ஒரு வாரத்துக்கு உபத்திரவம்தான். அந்த ஒரு வாரத்தை இரண்டு மூன்று மாலைகளாகச் சுருக்கலாம். அதற்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம்கோ நிறுவனம் 1980இல் டேங்க் பட்டாலியன் என்ற ஆர்கேட் விளையாட்டை, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திர விளையாட்டை, வெளியிட்டது. அதன் எலும்புக்கூட்டின்மேல் சதை வைத்துக் கட்டியதுதான் பேட்டில் சிட்டி. 1985 செப்டம்பரில் ஜப்பானில், நின்டெண்டோவின் ஃபேமிலி கம்ப்யூட்டருக்காக, அதாவது ஃபேமிகாமுக்காக வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதே இயந்திரம் என்இஎஸ் என்ற பெயரில் விற்றபோதும் இந்தக் கேசட் மட்டும் அங்கே போகவில்லை. ஜப்பானுக்கு வெளியே அசல் கேசட் வேண்டும் என்றால் அன்றும் இன்றும் இறக்குமதிதான்.

‘அப்படியானால் நான் எப்படிச் சிறுவயதிலேயே விளையாடினேன்?’ என்று நம் ஊர் வாசகர் கேட்பார். நாம் விளையாடியது போலி இயந்திரத்தில், போலிக் கேசட்டில். தொண்ணூறுகளில் ‘டிவி கேம்’ என்று வாங்கிய பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள். நூறு விளையாட்டு, ஆயிரம் விளையாட்டு என்று புளுகிய கேசட்டுகளில் இந்த டாங்கி விளையாட்டு பெரும்பாலும் இருந்தது. விளையாட்டு அடங்கிய, இயந்திரத்தில் செருகும் அந்தச் சிறு பெட்டியை நாம் கேசட் என்றோம். ஜப்பானியரும் அதைக் ‘கசெட்டோ’ என்றுதான் சொல்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது.

நகலில் வளர்ந்தவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிட்டு அசலுக்கு வர வேண்டும். முதலாவது வேகம். பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைத் தொலைக்காட்சிக்காகச் செய்த நகல் பெட்டிகள் நொடிக்கு 50 படச்சட்டங்களில் ஓடின. அசல் ஃபேமிகாம் ஓடுவது 60இல். உங்கள் விரலுக்குப் பழகிய தாளத்தைவிட அசல் விறுவிறுப்பாக இருக்கும், முதல் நாள் தடுமாறுவீர்கள். இரண்டாவது, படகு. தண்ணீரைக் கடக்கும் படகையும் ஒரே எடுப்பில் முழு வலிமை தரும் துப்பாக்கியையும் நினைவில் வைத்திருப்பவர்கள் விளையாடியது ‘டேங்க் 1990’ என்ற திருத்திய நகல். அதில் எதிரிகளும் பரிசுப் பொருட்களை எடுத்துக்கொள்ளும். அசலில் படகும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, எதிரிக்குப் பரிசும் இல்லை.

கேசட்டை வாங்குதல்

இது அரிய பொருள் அல்ல. அரிய பொருள் என்று சொல்லி விலை ஏற்றுபவரிடமிருந்து ஒதுங்கிவிடுங்கள். தோக்கியோவுக்குப் போகிறவர் யாராவது தெரிந்திருந்தால், அக்கிஹபாராவில் உள்ள சூப்பர் பொட்டேட்டோ, மண்டராக்கே போன்ற பழம்பொருள் கடைகளில் பார்க்கச் சொல்லலாம். இல்லாவிட்டால் ஜப்பானிய ஏல இணையதளங்கள் இருக்கின்றன. அங்கே பலர் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். உங்கள் சார்பில் வாங்கி, மறுபடி கட்டி அனுப்பும் ‘தைக்கோ’ சேவைகள் வழியாகத்தான் போக வேண்டும். கேசட்டின் விலையைவிட அஞ்சல் செலவு அதிகமாகிவிடுவது சாதாரணம். அதனால் இரண்டு மூன்று கேசட்டுகளாகச் சேர்த்து வரவழையுங்கள். சுங்கவரியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனை விவரங்களில் ஐந்து சொற்களைப் புரிந்துகொண்டால் போதும். ‘சொஃப்துனோமி’ என்றால் கேசட் மட்டும். ‘ஹாக்கோசெத்சு’ என்றால் பெட்டியும் கையேடும் சேர்த்து. ‘தோசா காக்குனின் சுமி’ என்றால் ஓட்டிப் பார்த்துவிட்டோம் என்று பொருள். ‘தன்ஷி சேசோ சுமி’ என்றால் முனைகளைத் துடைத்தாகிவிட்டது. ‘ஜங்க்கு’ என்று இருந்தால் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் பேச்சில்லை. புதியவர் கேசட் மட்டும், ஓட்டிப் பார்த்தது, இந்த இரண்டும் சேர்ந்த ஒன்றை வாங்கினால் போதும். விளையாட்டுக்குள் ஜப்பானிய எழுத்தைப் படிக்க வேண்டிய இடமே இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்துகள். கையேடு அழகான பொருள்தான், ஆனால் தேவையான பொருள் அல்ல.

கேசட் வந்ததும் தலைப்புத் திரையைப் பாருங்கள். செங்கற்களால் கட்டியது போன்ற எழுத்தில் பெயர் இருக்கும். அதற்குக் கீழே உரிமை வரியில் 1980, 1985 என்று இரண்டு ஆண்டுகளும் நாம்கோவின் பெயரும் இருக்க வேண்டும். 1980 என்பது அந்த ஆர்கேட் தாயைக் குறிக்கிறது. நகல் கேசட்டுகளில் இந்த வரியைத்தான் முதலில் அழிப்பார்கள்.

கேசட்டே வேண்டாம், விளையாடினால் போதும் என்பவருக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. 2020இல் வந்த நாம்கோ மியூசியம் ஆர்க்கைவ்ஸ் இரண்டாம் தொகுதியில் பேட்டில் சிட்டி இருக்கிறது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி எல்லாவற்றிலும் கிடைக்கும். கீழே சொல்லும் மின்சாரத் தலைவலி எதுவும் அதில் இல்லை. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி அவர்களுக்கு உரியதல்ல, தாண்டிப் போகலாம்.

இயந்திரமும் மின்சாரமும்

ஃபேமிகாமில் பல வகைகள் உண்டு. 1983இல் 14,800 யென்னுக்கு வந்த சிவப்பு வெள்ளைப் பெட்டிதான் படங்களில் எல்லோரும் பார்ப்பது. பார்க்க அழகு, வெளிநாட்டில் பயன்படுத்த முள். அதிலிருந்து படம் வெளியே வருவது ஆன்டெனா இணைப்பு வழியாக மட்டும்தான், அதுவும் ஜப்பானின் 1ஆம், 2ஆம் அலைவரிசைகளில். நம் நாட்டுத் தொலைக்காட்சி அந்த இடத்தில் தேடவே தேடாது. ஆகவே 1993இல் வந்த புதிய ஃபேமிகாமை, ‘ஏவி ஃபேமிகாம்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வதை, வாங்குங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட சாதாரண ஏவி கம்பியிலேயே படம் வரும். சூப்பர் ஃபேமிகாமுக்கும் நின்டெண்டோ 64க்கும் உள்ள அதே கம்பி இதற்கும் பொருந்தும். பழைய சிவப்பு வெள்ளைப் பெட்டிதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், ஏவி வெளியீடு பொருத்தித் திருத்தியதை மட்டும் வாங்குங்கள்.

பழைய பெட்டியில் இன்னொரு வேடிக்கை. இரண்டு கன்ட்ரோலர்களும் பெட்டியோடு நிரந்தரமாக இணைந்தவை, கம்பியும் குட்டை. முதல் கன்ட்ரோலரில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் உண்டு. இரண்டாவதில் அந்த இடத்தில் ஒரு மைக் இருக்கிறது, அந்தப் பொத்தான்கள் இல்லை. அதாவது இரண்டாவது ஆட்டக்காரருக்குத் தும்மல் வந்தால்கூட ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் உரிமை கிடையாது. முதலாமவரிடம் கெஞ்ச வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணன் தம்பிச் சண்டைகளில் பாதி இப்படித்தான் தொடங்கியது. ஏவி ஃபேமிகாமில் இருவருக்கும் கழற்றி மாட்டும் முழுமையான கன்ட்ரோலர்கள்.

மின்சாரம் பற்றிச் சத்தமாகச் சொல்கிறேன்: ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் நாட்டில் 230. ஜப்பானிலிருந்து வந்த அடாப்டரை நேராக நம் சுவரில் செருகினால் அது செத்துவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் செருகினேன். பெட்டி வந்த உற்சாகத்தில் அடிப்பகுதியில் இருந்த எழுத்தைப் படிக்கவில்லை. பொரித்த மீன் கருகினாற்போல ஒரு வாடை வந்தது, அவ்வளவுதான். நல்லவேளை, அடாப்டரோடு போயிற்று, இயந்திரம் தப்பியது.

மின்னழுத்தத்தை 100 வோல்ட்டுக்குக் குறைக்கும் மின்மாற்றி ஒன்று வாங்கலாம். அல்லது இங்கேயே கிடைக்கும் நேர்மின்னோட்ட அடாப்டர் வாங்கலாம். ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர், நடுமுனை எதிர்மின். இந்த ‘நடுமுனை எதிர்மின்’ என்பதைக் கடைக்காரரிடம் இரண்டு முறை சொல்லுங்கள். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்கள் நடுமுனை நேர்மின்னாக இருக்கும். இன்னொன்று, அமெரிக்க என்இஎஸ்ஸின் அடாப்டர் வெளியே தருவது மாறுமின்னோட்டம். முனை பொருந்துகிறதே என்று அதை ஃபேமிகாமில் மாட்டிவிடாதீர்கள். ஷார்ப் நிறுவனம் செய்த ட்வின் ஃபேமிகாமின் அடாப்டரும் வேறு, அதையும் மாற்றிப் போடக் கூடாது.

ஏற்கெனவே என்இஎஸ் வைத்திருப்பவர் புதிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஃபேமிகாம் கேசட்டில் 60 முனைகள், என்இஎஸ் கேசட்டில் 72. இடையில் ஒரு மாற்றி போதும். ஆனால் என்இஎஸ்ஸில் நாட்டுக்கு நாடு பூட்டும் சில்லு ஒன்று இருக்கிறது. அதற்கான பதில் சில்லு மாற்றிக்குள் இருக்க வேண்டும். ஃபேமிகாமில் அப்படிப் பூட்டு எதுவும் இல்லை.

படம் ஜப்பானின் ஒளிபரப்பு முறையான என்டிஎஸ்சியில் (NTSC) வரும். இன்றைய தொலைக்காட்சிகளில் பல அதை ஏற்கும். ஏற்றாலும் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் குண்டு கிளம்புவதற்கும் நடுவே ஒரு கணம் தாமதம் தெரியும். தொலைக்காட்சியில் ‘விளையாட்டு முறை’ இருந்தால் அதைப் போடுங்கள். வீட்டு மாடியில் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி தூசி படிந்து கிடந்தால், என்டிஎஸ்சியை அது ஏற்குமா என்று ஒருமுறை பாருங்கள். ஏற்றால் அதைவிட நல்ல திரை இதற்கு இல்லை.

கேசட் ஓடவில்லையா? வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, காயவிட்டு, மறுபடி செருகுங்கள். இந்தக் கேசட்டுக்குள் மின்கலம் கிடையாது, மொத்த விளையாட்டுமே 24 கிலோபைட்தான். கெட்டுப்போக அதில் அதிகம் எதுவும் இல்லை.

முதல் மாலை: தனியாக

துணையை அழைப்பதற்கு முன் ஒரு மாலையைத் தனியாகச் செலவழியுங்கள். தலைப்புத் திரையில் மூன்று தேர்வுகள் இருக்கும்: ஒருவர், இருவர், கட்டுமானம். செலக்ட் பொத்தானால் நகர்த்தி ஸ்டார்ட் அழுத்துங்கள். சுற்று எண் காட்டும் சாம்பல் திரை வரும். அங்கே ஏ அழுத்தினால் எண் ஏறும், பி அழுத்தினால் இறங்கும். மொத்தம் 35 சுற்றுகள், எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். தோற்றுவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது, இந்தத் தேர்வுதான் அதற்கு ஈடு. இப்போதைக்கு ஒன்றிலேயே இருங்கள். அதில் வரும் இருபது எதிரிகளில் பதினெட்டு சாதாரண டாங்கிகள், இரண்டு மட்டும் வேகமானவை. பழக அதைவிடச் சாதுவான இடம் கிடையாது.

திரையின் அடியில், நடுவில், செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. அது போனால் ஆட்டம் போனது. உங்களிடம் எத்தனை உயிர் மிச்சம் இருந்தாலும் செல்லாது. இதில் புதியவர் கவனிக்காத கொடுமை, உங்கள் குண்டும் கழுகைக் கொல்லும் என்பது. கழுகை நோக்கி மேலிருந்து கீழாகவோ, பக்கவாட்டிலோ சுடும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

அடுத்து குண்டைப் புரிந்துகொள்ளுங்கள். ஆட்டமே இதில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் உங்களுக்கு ஒரு நேரத்தில் ஒரே குண்டு. அது எங்காவது போய் முட்டும்வரை அடுத்தது கிளம்பாது. திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுட்டுத் தவறவிட்டால், அந்தக் குண்டு பயணம் முடிக்கும்வரை நீங்கள் நிராயுதபாணி. அருகில் போய்ச் சுட்டால் குண்டு உடனே முட்டும், உடனே அடுத்ததும் கிளம்பும். எனவே தூரத்தில் நின்று பொத்தானைக் குத்துபவரைவிட நெருங்கிப் போகிறவருக்கு உண்மையில் அதிகக் குண்டுகள் கிடைக்கின்றன. பயந்து பின்வாங்குவது இங்கே ஆபத்து.

எதிரியின் குண்டும் உங்கள் குண்டும் நேருக்குநேர் மோதினால் இரண்டும் மறையும். இதுதான் உங்கள் கேடயம். எதிரியைப் பார்த்து நிற்கும்போது அவன் சுட்டதும் நீங்களும் சுடுங்கள், பிறகு ஒரு அடி முன்னேறி மறுபடி சுடுங்கள். இந்தத் தாளம் விரலில் ஏறிவிட்டால் முதல் பத்துச் சுற்றுகள் பெரிய காரியம் இல்லை.

தரை வகைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். செங்கல் குண்டுக்குத் துண்டு துண்டாக உதிரும், ஒரு முழுக் கட்டியைத் துளைக்க நான்கு குண்டுகள் வேண்டும். எஃகு அசையாது. தண்ணீரை டாங்கி கடக்காது, குண்டு கடக்கும். காடு டாங்கிகளை மறைக்கும், குண்டைத் தடுக்காது. பனித்தரையில் விரலை எடுத்த பிறகும் டாங்கி சிறிது வழுக்கிப் போகும். கழுகுக்கு அருகே பனித்தரை உள்ள சுற்றுகளில் கொஞ்சம் முன்கூட்டியே நிறுத்தப் பழகுங்கள்.

எதிரிகள் நான்கு இனம். சாதாரணம் 100 புள்ளி, வேகமானது 200, வேகக் குண்டு விடுவது 300, கவசம் பூண்டது 400. கவச டாங்கி நான்கு அடி வாங்கும், அடிபட நிறம் மாறும். எல்லோரும் மேல் விளிம்பில் இடம், நடு, வலம் என்று மூன்று இடங்களில்தான் இறங்குவார்கள். முதலில் திக்குத் தெரியாமல் அலைவது போலத் திரிவார்கள், நேரம் போகப் போக உங்களை நோக்கியும், பிறகு கழுகை நோக்கியும் திரும்புவார்கள். தொடக்கத்தில் அவர்கள் மந்தமாகத் திரிவதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

சிவப்பாக மின்னும் டாங்கி

ஒவ்வொரு சுற்றிலும் 4ஆவது, 11ஆவது, 18ஆவது டாங்கிகள் சிவப்பாக மின்னியபடி வரும். அதைச் சுட்டால் திரையில் எங்காவது ஒரு பரிசு தோன்றும். வலப்பக்கத்தில் இன்னும் இறங்காத எதிரிகளைக் குட்டிச் சின்னங்களாகக் காட்டும் பட்டியல் இருக்கிறது அல்லவா, அதை எண்ணப் பழகுங்கள். அதில் 16 மிஞ்சும்போது, 9 மிஞ்சும்போது, 2 மிஞ்சும்போது சிவப்பு டாங்கி களத்தில் இருக்கிறது. இதை எண்ணுவதற்கு ஒரு காரணமும் உண்டு: அடுத்த சிவப்பு டாங்கி இறங்கிய கணமே, எடுக்காமல் கிடக்கும் பழைய பரிசு மறைந்துவிடும். ‘அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று விட்டு வைத்த நட்சத்திரங்களுக்காக நான் வருந்திய மாலைகள் பல.

பரிசுகள் ஆறு. எதை எடுத்தாலும் 500 புள்ளி. தலைக்கவசம் சிறிது நேரம் உங்களைக் காக்கும். கடிகாரம் எதிரிகளை உறைய வைக்கும். கைக்குண்டு திரையில் உள்ள எல்லோரையும் அழிக்கும், ஆனால் அழிந்தவர்களுக்குப் புள்ளி கிடைக்காது. டாங்கிச் சின்னம் ஓர் உயிர். மண்வெட்டி கழுகின் செங்கல் சுவரைச் சிறிது நேரத்துக்கு எஃகாக மாற்றும். நேரம் முடிந்ததும் பழைய ஓட்டைகள் எல்லாம் அடைந்து புதுச் செங்கல் சுவராக நிற்கும் என்பதுதான் அதன் உண்மையான பயன். சுவர் நன்றாக இருக்கும்போது மண்வெட்டிக்கு ஓடாதீர்கள், இடிந்தபின் ஓடுங்கள்.

நட்சத்திரம்தான் ராஜா. ஒன்று எடுத்தால் குண்டு வேகம் கூடும். இரண்டாவதில் ஒரே நேரத்தில் இரண்டு குண்டுகள். மூன்றாவதில் எஃகையும் உடைப்பீர்கள். அடுத்த சுற்றுக்கும் அது கூடவே வரும். ஒருமுறை இறந்தால் எல்லாம் போய், வெறும் டாங்கியாகத் திரும்புவீர்கள். மூன்று நட்சத்திரக்காரர் ஒன்றை மறக்கக் கூடாது. மண்வெட்டி கட்டித் தந்த எஃகுச் சுவரையும் உங்கள் குண்டு உடைத்துவிடும்.

இரண்டாம் மாலை: இருவராக

இப்போது துணையை அழையுங்கள். மஞ்சள் டாங்கி கழுகுக்கு இடப்பக்கம், பச்சை டாங்கி வலப்பக்கம். முதல் மூன்று ஆட்டங்களுக்கு ஒரே விதி: நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பரிசு தாண்டி விழுந்திருந்தாலும் கூடாது. இது சிறுபிள்ளைத்தனமான விதிபோலத் தோன்றும். ஆனால் புதியவர்கள் இருவர் இறப்பது பெரும்பாலும் எதிரியின் திறமையால் அல்ல. ஒருவர் குறுக்கே ஓட, மற்றவர் சுட, குறுக்கே ஓடியவர் மின்னிக்கொண்டு நிற்க, அந்த நேரம் பார்த்து எதிரி வந்து முடித்துவிடுவான். பக்கம் பிரித்துக்கொண்டால் ஒருவர் குண்டுப் பாதையில் மற்றவர் நிற்கும் வாய்ப்பே குறைந்துவிடும். நடுவில் இறங்கும் எதிரி யாருக்கு? அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நாங்கள் நடுவை எப்போதும் மஞ்சளுக்குக் கொடுத்துவிடுவோம். ஆள் யார் என்பது முக்கியமில்லை, ஒருவர் என்பது முக்கியம்.

பழகியபின் பக்கப் பிரிவினையைக் கைவிட்டு வேலைப் பிரிவினைக்கு வாருங்கள். ஒருவர் காவல், ஒருவர் வேட்டை. காவல்காரர் கழுகின் சுவருக்கு நேர் மேலே உள்ள வரிசையில் இடவலமாக நடப்பார். முகம் எப்போதும் மேல்நோக்கியோ வெளிப்பக்கமோ இருக்கும், கழுகுக்கு முதுகு. வேட்டைக்காரர் மேலே போய், எதிரி இறங்கும் இடத்துக்குக் கீழே காத்திருந்து, மினுமினுப்பு அடங்கி டாங்கி உருவெடுத்ததும் சுடுவார். நட்சத்திரங்கள் முதலில் வேட்டைக்காரருக்கே போக வேண்டும். இருவருக்கும் ஆளுக்கொன்று என்று பங்கு போட்டால் இருவருமே அரைகுறையாக நிற்பீர்கள். கவச டாங்கிகள் கூட்டமாக வரும் பிற்பகுதிச் சுற்றுகளில் இரட்டைக் குண்டு இல்லாமல் ஒருவராவது நின்றால் கஷ்டம், இருவருமே இல்லாமல் நின்றால் முடிந்தது. உயிர்ச் சின்னம் மட்டும் காவல்காரருக்குப் போகட்டும், கழுகுக்குப் பக்கத்தில் நின்று அதிகம் சாகிறவர் அவர்தான்.

இங்கேதான் விளையாட்டு ஒரு குசும்பு செய்கிறது. சுற்று முடிந்ததும் யார் எத்தனை டாங்கி சுட்டார்கள் என்று இருவருக்கும் கணக்குக் காட்டி, அதிகம் சுட்டவருக்கு 1000 புள்ளி போனஸ் கொடுக்கும். வேலைப் பிரிவினை செய்த இருவரில் வேட்டைக்காரருக்குத்தான் அது எப்போதும் போகும். இரண்டாவது சுற்றிலேயே காவல்காரருக்கு மூக்கு வியர்த்துவிடும், மெல்ல மேலே நகரத் தொடங்குவார். மூன்றாவது சுற்றில் கழுகு அனாதை. ஆகவே ஐந்து சுற்றுக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது நட்சத்திரம் பழைய வேட்டைக்காரரிடம் இருக்கும், அதனால் என்ன, மூன்று நட்சத்திரக் காவல்காரர் பலமானவர்தான். மேலே சொன்ன எஃகுச் சுவர் எச்சரிக்கையை மட்டும் அவர் காதில் ஓதுங்கள்.

20,000 புள்ளி சேர்ந்ததும் ஓர் உயிர் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் புள்ளிக்கும் மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. அதற்காகக் கைக்குண்டை எடுக்காமல் தவிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரி ஆறு பேர் கழுகைச் சூழ்ந்திருக்கும்போது புள்ளிக் கணக்குப் பார்ப்பது, வீடு பற்றி எரியும்போது உத்தரத்தை அளப்பது போல.

பேசிக்கொண்டே விளையாடுங்கள். ‘சிவப்பு இடப்பக்கம்’, ‘நான் கீழே வருகிறேன்’, ‘சுவர் போய்விட்டது’, இந்த மூன்று வாக்கியங்கள் போதும். தவறிச் சுட்டுத் துணையை நிறுத்திவிட்டால் மன்னிப்புக் கேட்க நின்றுவிடாதீர்கள். அவர் நகர முடியாத அந்த நேரத்தில் அவரை நோக்கி வரும் எதிரியைச் சுடுவதுதான் மன்னிப்பு.

வேண்டுமென்றே ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவதும் உண்டு. இருவர் மோதும் தனி ஆட்டம் இதில் இல்லாததால் நம் வீடுகளில் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்தது அது. ஒருநாள் விளையாடிப் பார்க்கலாம். கடைசி எதிரி ஒருவனை உயிரோடு விட்டுவைத்து, அவன் கழுகைத் தொடுவதற்குள் யார் யாரை அதிகம் உறைய வைக்கிறார்கள் என்று பார்ப்பது எங்கள் வீட்டுப் போட்டி.

கட்டுமானம்

தலைப்புத் திரையின் மூன்றாவது தேர்வைப் புதியவர்கள் கண்டுகொள்வதில்லை. 13 கட்டம் அகலம், 13 கட்டம் உயரம் உள்ள வெற்றுக் களத்தில் உங்கள் சுற்றை நீங்களே வரையலாம். திசைப் பொத்தானால் நகர்ந்து, ஏ அல்லது பி அழுத்தினால் செங்கல், எஃகு, தண்ணீர், காடு, பனி என்று மாறிக்கொண்டே வரும். முடித்ததும் ஸ்டார்ட். தலைப்புத் திரைக்குத் திரும்பி, இருவர் என்று தேர்ந்தெடுத்தால் முதலில் உங்கள் களம்தான் விரியும்.

எல்லோரும் முதலில் செய்வது கழுகைச் சுற்றி எஃகு கட்டுவது. எதிரியால் அதை உடைக்க முடியாது என்று மார்தட்டுவோம். பிறகு பழக்கத்தில் போய் மண்வெட்டியை எடுப்போம். அதன் நேரம் முடிந்ததும் விளையாட்டு தன் கடமையைச் செய்து அங்கே செங்கல் சுவரை வைத்துவிட்டுப் போகும். எஃகும் போச்சு, மானமும் போச்சு.

துணையோடு பழகுவதற்கு நான் வரைந்து தரும் களம் ஒன்று உண்டு. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு தண்ணீர்க் கோடு, கழுகுக்கு இரண்டு கட்டம் மேலே நின்றுவிட வேண்டும். ஆட்கள் கடக்க முடியாது, குண்டுகள் கடக்கும். எனவே துணையைச் சுடாமல் எதிரியைச் சுடுவது எப்படி என்பதை இது நான்கே ஆட்டங்களில் கற்றுக்கொடுத்துவிடும். காட்டையும் கொஞ்சம் தூவினால் இன்னும் கடினம்.

இந்தக் கேசட்டை எழுதிய நிரலாளர், நோரிக்கோ என்ற பெண்ணை நேசிப்பதாக ஒரு வரியை நிரலுக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார். கேசட் உள்ளவரை அது அழியாது. நீங்கள் வரைந்த களத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை, சேமிக்கும் வசதியே கிடையாது, மின்சாரத்தை அணைத்தால் போய்விடும். எனவே ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன் கைபேசியில் திரையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணை வந்து உட்காரும்போது, அதைப் பார்த்து ஒருவர் கட்டம் சொல்ல மற்றவர் வரையலாம்.